மேசையின் அந்தப் பக்கம்

புக்கிட் செராய் தோட்டம்,
லிங்கி.
12-8-1956

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இருமல் போய்விட்டதா என்று இந்த முறையாவது எழுதுங்கள். போன கடிதத்தில் அச்சகத்துப் பூனையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது, இருமலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சிங்கப்பூரிலிருந்து பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பி.ஏ. தேறியாகிவிட்டது. அம்மா அதை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்து, இப்போது பக்கத்துத் தோட்டத்துக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

மேலே படிப்பதென்றால் பொது நிர்வாகம்தான் என்று உங்களுக்கு முன்பே எழுதியிருந்தேன். இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்று உங்கள் ஊர், சென்னைப் பல்கலைக்கழகம். மற்றது நியூசிலாந்தில் வெலிங்டன். அங்கே இரண்டு ஆண்டுப் படிப்பு, செலவு முழுவதும் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் வந்துவிடும். ஆனால் படித்துவிட்டு வந்ததும் ஐந்து ஆண்டு இங்கே அரசாங்க வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

எந்த அரசாங்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சங்கக் காரியதரிசியாக இருந்தீர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லாமல் உங்களைக் கப்பலேற்றி அனுப்பிய அதே அரசாங்கம். அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்துவிடும், அப்போது அது நம்முடையதாகிவிடும் என்கிறார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி எட்மண்ட். அவர் எதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறவர்.

அம்மாவிடம் வெலிங்டனைச் சொன்னேன். "நியூசிலாந்தா? வெண்ணெ டின்னுல போட்டிருக்குமே, அந்த ஊரா? மாடு மேய்க்கப் போறவளுக்கு பி.ஏ. என்னாத்துக்கு?" என்றாள். கொஞ்சம் கழித்து, "எங்க வேணாலும் போ. ஒங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்க" என்றாள்.

அதனால் கேட்கிறேன். நவம்பர் முடிவதற்குள் பதில் எழுத வேண்டும்.

அன்பு மகள்,
நீலாவதி


இராயப்பேட்டை, சென்னை.
2-9-1956

அன்பு மகள் நீலாவுக்கு,

இருமல் இருக்கிறது. முன்பைவிடக் குறைவு. போதுமா?

உன் கடிதம் கிடைத்த மறுநாளே அச்சகத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கடற்கரைச் சாலையில் சிவப்புக் கட்டடங்கள். நீ படிக்கப்போகும் துறை எங்கே என்று கேட்டதற்கு வாசலில் இருந்த சேவகர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு, உமக்கா?" என்றார். என் மகளுக்கு, மலாயாவிலிருந்து வருகிறாள் என்றேன். எழுந்து நின்று வழி சொன்னார்.

நூலகத்தின் சன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. நகராட்சிகளைப் பற்றியும் வரி வசூலைப் பற்றியும் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். துறை எழுத்தரிடம் பேசினேன். பெண்கள் விடுதி நடந்துபோகும் தூரம்தானாம். சாப்பாட்டில் காரம் அதிகம் என்று பிள்ளைகள் குறைப்படுவதாகச் சொன்னார். அது உனக்குக் குறையாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர் வீட்டுக்குப் போய்வர அனுமதி உண்டு என்பதையும் கேட்டுக்கொண்டேன்.

வெலிங்டனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அரசாங்க வேலையைப் பற்றியும் அப்படித்தான். அந்த மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் அம்மாவைப் பற்றி நீ அதிகம் எழுதுவதில்லை. இங்கே வந்துவிடு என்று அவளைக் கேட்பதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. லிங்கி ஆற்றில் படகேறினாலே தலை சுற்றுகிறது என்பவளைக் கடல் தாண்டச் சொல்ல மனம் வரவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது.

உன் அப்பா,
வீரமுத்து


புக்கிட் செராய் தோட்டம்,
லிங்கி.
7-10-1956

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. "அவரு இருமலப் பாத்துக்கச் சொல்லு" என்கிறாள்.

நீங்கள் எழுதிய நூலகச் சன்னலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆனால் இடையில் இங்கே ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் படிப்பைப் பற்றிப் பேச முடியாது.

லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டதும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் சோதிப்பதும் உங்களுக்குத் தெரியும். போன மாதம் புதிய உத்தரவு வந்தது. காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்து ஆட்களை வெளியே விட்டுப் பூட்டினால், மறுபடி மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை வேலிக்கு உள்ளே இருக்கிறது, ரப்பர் பால் எடுக்கும் வெட்டுக்காடு வெளியே. ஒன்பது மணிக்கு ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகிற பெண்களை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் நாள் ராக்கம்மா கம்பிக்கு வெளியே நிற்கிறாள். அவள் பிள்ளை கொட்டகையில் அழுவது அவளுக்குக் கேட்கிறது. கேட்டில் காவல் நம் மாயாண்டி, இப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அம்மா போய் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, நீ எந்தக் கொட்டகைல வளந்த?"

"இதே கொட்டகதான் அத்தே. உத்தரவு இல்லலா, நா என்ன செய்ய?"

"உத்தரவு போட்டவனுக்கு அம்மா இல்லியா?"

"சீமைல இருப்பாங்க அத்தே."

நான் எட்மண்டை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போர்ட்டிக்சனுக்குப் போய் மாவட்ட அதிகாரியைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. அவருக்குத் தெரியவே தெரியாது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை அப்பா, தெரியவில்லை, அவ்வளவுதான். உடனே திறக்கலாம், ஆனால் சோதனை இல்லாமல் முடியாது, காலையில் சோதிக்க வரும் போலீஸ்காரப் பெண் லாரியில் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறாளே, ஒன்பது மணிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஆயாக் கொட்டகை மங்கம்மா இருக்கிறார், அவர் சோதிக்கட்டும் என்றேன். என்னையே ஒரு வரைவு எழுதச் சொன்னார். அவர் மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது சி ரூசா ஊர் தாண்டும் வரைக்கும் எட்மண்ட் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. உங்களிடம் இதை மறைக்க விருப்பமில்லை. நான் எழுதிய நான்கு வரியால் ஒரு கேட் திறக்கப் போகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கேட் திறந்தது. மங்கம்மா வரவில்லை. கொட்டகைக்குப் போய்க் கூப்பிட்டேன். மடியில் ராக்கம்மாவின் பிள்ளை. நிமிர்ந்து பார்த்து, "ஊரையெல்லாம் கேட்டியே நீலா, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். "புள்ளைய வாங்குற கையால ஆத்தா மடியத் தடவிப் பாக்கச் சொல்ற. நாளைக்கு எவ என்கிட்டப் புள்ளைய விடுவா?"

உத்தரவு இருந்ததால் அன்றைக்கு வந்து சோதித்தார். பெண்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. பிள்ளைகள் பால் குடித்தார்கள்.

இன்னும் எந்த இடம் என்று முடிவு செய்யவில்லை.

அன்பு மகள்,
நீலாவதி


இராயப்பேட்டை, சென்னை.
25-10-1956

அன்பு மகள் நீலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. பதிலைக் கிறுக்கிக் கிழித்துப் போட்டேன். இது அடுத்தது.

கேட்டைத் திறந்தாய். அது நல்ல காரியம், நானாக இருந்தால் கூட்டம் போட்டு, மனு எழுதி, மதியம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் பசியோடு இருந்திருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னை அனுப்பியபோது சிரம்பானில் ஓர் அதிகாரி இருந்தார். அவரும் நல்லவர்தான். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார். தாள் ஏற்கெனவே டைப் அடித்து மேசையில் இருந்தது. சங்கம் என்ன கேட்டது, நான் யாருடன் பேசினேன், பேசவில்லை என்று அவர் கேட்பார் என நினைத்து வழியெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டதெல்லாம் சர்க்கரை எத்தனை கரண்டி என்பதுதான்.

அடுத்த ஆண்டு கொடி மாறும். மேசை மாறாது. ஒருநாள் என்னைப் போல ஒருவனுடைய கோப்பு உன் முன்னால் வரும். மேலே இருப்பவர் முடிவு செய்து அனுப்பியிருப்பார், உன் கையெழுத்து மட்டும் பாக்கி. அப்போது என்ன செய்வாய்? வெலிங்டனுக்குப் போவதென்றால் இதற்குப் பதில் வைத்துக்கொண்டு போ.

இன்னொன்று. நூலகம், விடுதி, சாப்பாடு என்று போன தடவை இரண்டு பக்கம் எழுதினேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல எழுதவில்லை. நீ இங்கே வர வேண்டும் என்று எனக்கு ஆசை. உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது இரட்டைச் சடை போட்டிருந்தாய். இப்போது தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. இதை எழுதினால் உன் முடிவில் கை வைத்ததாகும் என்று நினைத்து அப்போது விட்டுவிட்டேன். எழுதாமல் விட்டதும் ஒரு வகைப் பொய்தான்.

உன் அப்பா,
வீரமுத்து


புக்கிட் செராய் தோட்டம்,
லிங்கி.
18-11-1956

அன்புள்ள அப்பாவுக்கு,

வெலிங்டனுக்குச் சம்மதம் என்று எழுதி நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிக்கலாம் என்றுதான் இப்படித் தொடங்கினேன். சென்னைக்கு வந்தால் நிர்வாகத்தைப் பற்றி நன்றாகப் படிப்பேன். உங்களோடு உட்கார்ந்து அதைக் குறை சொல்லவும் செய்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் நான்கு வரி எழுதியதில் ஒரு மனுஷியைத் தன் வேலையில் தலை நிமிர முடியாமல் செய்துவிட்டேன். எழுதாமலே இருந்திருந்தால் பிள்ளைகள் பட்டினி. இரண்டும் வேண்டாமென்றால் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு எழுதுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

மங்கம்மாவிடம் போய்ப் பேசினேன். முதல் நாள் பேசவில்லை, அப்புறம் பேசினார். உத்தரவில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டு வாங்கி வந்தேன். இப்போது ஒன்பது மணிக்குக் கேட்டில் நிற்பது நான்தான். ராக்கம்மா, "பி.ஏ. படிச்ச கைலா, சில்லுனு இருக்கு. கொஞ்சம் தேச்சுக்கிட்டு வா" என்கிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எல்லா நாளும் சிரிப்பதில்லை. ஒருத்தி என்னிடம் இன்னும் பேசுவதில்லை. நான் போன பிறகு யார் நிற்பது என்று அவர்களே கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல நாள் யோசித்தேன். கையெழுத்துப் போடமாட்டேன், வேலையைத் தூக்கி எறிவேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொல்ல முடியும்: அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்காமல் என் மேசையிலிருந்து அந்தத் தாள் போகாது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிச் சேர்த்துத்தான் அனுப்புவேன். அதனால் அவர் தப்பிப்பாரா என்றால் தெரியவில்லை. இது போதாது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

போன வாரம் சிரம்பானில் உதவித்தொகைக்கான கடைசி நேர்காணல். ஓர் அதிகாரி உங்கள் பெயரைக் கேட்டார். தகப்பனாரோடு கடிதப் போக்குவரத்து உண்டா என்றார். உண்டு, தவறாமல் எழுதிக்கொள்கிறோம் என்றேன். குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் உதவித்தொகையை எனக்கே உறுதி செய்துவிட்டார்கள், ஆகவே கவலைப்பட வேண்டாம்.

சனவரி நடுவில் சிங்கப்பூரிலிருந்து கப்பல். அதற்குள் உங்கள் பதிலைப் பார்த்துவிட்டால் நிம்மதியாக ஏறுவேன். கோபமாக இருந்தாலும் கிழிக்காமல் அனுப்புங்கள்.

அன்பு மகள்,
நீலாவதி


இராயப்பேட்டை, சென்னை.
16-12-1956

அன்பு மகள் நீலாவுக்கு,

கோபம் இல்லை. முதலில் இருந்தது, உன் கடிதத்தின் நடுப்பக்கத்தில் போய்விட்டது. மங்கம்மாவிடம் நீ போய் நின்றாயே, எனக்கு அது போதும். என் கேள்விக்கு நீ எழுதியது சரியான பதிலா என்று தெரியவில்லை. பொய்யான பதில் இல்லை. போய் வா.

சிரம்பானில் அந்த அதிகாரி குறித்துக்கொண்டதை நீ ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்படிக் குறித்த எதுவும் அழிவதில்லை அம்மா. நீ மாணவியாக இருக்கும்வரை அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பதவிக்கு வந்த பிறகு, உன்னைப் பிடிக்காத யாராவது ஒருவர் தேடி எடுப்பார். நாடு கடத்தப்பட்ட ஒருவனோடு இவளுக்கு என்ன பேச்சு என்று கேட்பார். நீ கூப்பிட்டுக் கேட்டு எழுதிச் சேர்க்கிற ஒவ்வொரு வரியும் அதோடு சந்தேகத்துக்குள்ளாகும். நீ எந்தக் காரியத்துக்காகப் போகிறாயோ அதுவே நடக்காமல் போகும்.

அதனால் நீ வேலையில் சேரும் நாளோடு நமக்குள் கடிதம் நின்றுவிட வேண்டும். உன் அம்மாவுக்கு எழுதுவேன், எட்மண்ட் வாசித்துக் காட்டட்டும். உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேனே என்பாய். கேட்டால் நீ மறுப்பாய், அதனால்தான் கேட்கவில்லை.

அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. மாதம் ஒன்று என்று கணக்கு வைக்காதே. எந்தத் தெருவில் தங்கியிருக்கிறாய், யார் பாடம் நடத்துகிறார்கள், எதை ஒப்புக்கொள்ளவில்லை, என்ன சாப்பிட்டாய், எல்லாவற்றையும் எழுது. சொல்ல ஒன்றுமில்லாத நாளிலும் எழுது.

உன் அப்பா,
வீரமுத்து