நேர்த்திக்கடன் என்று சொன்ன பொய்

அன்புள்ள மகள் தங்கப்பொண்ணுக்கு,

உன் தாய் ராமக்காள், முதியோர் பள்ளியில் கற்ற எழுத்தால் தன் கைப்பட எழுதுவது.

நேற்று டாக்டர், உன் உடம்பில் இப்போது புற்றுநோய் இல்லை, இனி ஊசியும் வேண்டாம் என்று கூறினார். அதனை என்னிடம் கூறாமல் உன் முகம் பார்த்துக் கூறினார். "எனக்குப் பதினேழு வயசு சார், எங்கிட்டயே சொல்லுங்க" என்று நீ கேட்டாய் அல்லவா! நான் பெருமிதம் அடைந்தேன்.

மருந்தினால் உன் முடி உதிர்ந்ததை, அழகர்கோயில் மொட்டை என்று நான் தெருவெல்லாம் கூறியது பிழையே. அதற்காக நீ மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று காலை குழாயடியில் பேச்சியம்மாள், "என்னக்கா, ஒம் மகளுக்கு இன்னும் நேத்திக்கடன் தீரலையா?" என்று நகைத்தாள்.

"அது நேத்திக்கடன் இல்லடி, கேன்சர் மருந்துல கொட்டுன முடி. எம்மக செயிச்சுப்புட்டா!" என்று உரக்கக் கூறினேன். குடம் நிறைந்து வழிந்தது; ஒருவரும் குழாயை மூடவில்லை.

நான் கப்பலூருக்கு வேலைக்குச் செல்கின்றேன். சோறு அடுப்பின் மேல் உள்ளது. காய்ச்சிய நீரையே பருகவும். நான்கு மணிக்கு நாகலக்ஷ்மி டீச்சர் பரீட்சைப் பாடம் சொல்லித்தர வருவார்.

பின்குறிப்பு: நீ தலையை மறைக்கக் கட்டும் துணி கொடியில் காய்கின்றது. கட்டிக்கொள்வாயோ, சோற்றுப்பானை இறக்கப் பிடிதுணியாக எனக்குத் தருவாயோ, நீயே முடிவு செய்.