எழுந்து போகணுமே

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். நலம் என்று எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

போனில் அப்பா பேச்சை எடுத்தாலே, "அடுப்புல வேலை இருக்கும்மா" என்று நழுவிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். குழந்தை தூங்கும்போது நிதானமாகப் படி.

கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை எப்போதும்போல. லென்ஸ் தேய்க்கப் புது இயந்திரம் வந்திருக்கிறது. முதலாளிக்கு அதைத் தொடவே பயம், என்னை முன்னே விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார். முழங்கால் வலி மட்டும் மாடி ஏறும்போதெல்லாம் வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகிறது.

போன வருடம் அப்பாவுக்கு மூளையில் சின்ன அடைப்பு வந்தது உனக்குத் தெரியும். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, தன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தார். கண்டம் தப்பியது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே இடம். குளிக்கச் சொன்னால் "குளிக்கலாம்" என்பார், எழ மாட்டார்.

ஒருநாள் நம் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று முனகியது. ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். விருந்துக்குப் போன இடத்தில் லிஃப்ட் சத்தம் சரியில்லை என்றால்கூட சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறவர். காதைச் சாய்த்துக் கேட்டார். "பிரேக் தேஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான், அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில், "அங்கேயே வேர் விட்டுடுங்க" என்று கத்தினேன். "சரி" என்றார். சரி என்று சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

நீ பிள்ளை பெற்றபோதும் அப்படித்தான். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றதற்கு "நல்லது" என்றார். போனை நீட்டினேன், வாங்கவில்லை. நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். "அப்பாவுக்கு நான் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்தாய். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பிஸ்கட்டையும், அறையின் மறுகோடியில் அலமாரிமேல் ஒரு துண்டு கேக்கையும் வைத்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா பிஸ்கட்டை எடுத்தார். கேக் பிடிக்காதா என்று கேட்டதற்கு, "ரொம்பப் பிடிக்கும்" என்றார். பின்னே ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, "எழுந்து போகணுமே" என்றார். டாக்டரம்மா கேக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். முழுவதையும் தின்று விரலையும் நக்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒன்றை ரசிப்பதும் அதை நாடி எழுந்து போவதும் மூளைக்கு ஒரே வேலை இல்லையாம். எழுந்து போக டோபமைன் என்று ஒரு ரசாயனம் வேண்டுமாம். இவ்வளவு பாடுபட்டால் இவ்வளவு கிடைக்கும், பரவாயில்லை, கிளம்பு என்று உள்ளிருந்து உந்துவது அதுதானாம். அது ஓடுகிற பாதையில்தான் அப்பாவுக்கு அடைப்பு. "அவர் சோம்பேறி இல்லம்மா. பாசமும் எங்கயும் போயிடல. கிளம்புறதுதான் அவருக்கு மலை ஏறுற மாதிரி" என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்திருக்கிறார். கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். என்ன வேண்டும் என்று கேட்டு நிற்காமல், கையைப் பிடித்துக் கிளப்பச் சொன்னார்.

அப்படியே செய்கிறேன். கையைப் பிடித்தால் வருகிறார். பூங்கா வரை நடக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ அனுப்பிய வீடியோவைப் போட்டு, போனை அவர் கையில் வைத்தேன். பேத்தி தவழ்வதைக் கடைசிவரை பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து வெகுகாலம் ஆயிற்று. முடிந்ததும் திரை நின்றுவிட்டது. மறுபடி போட ஒரு விரல் போதும். அவர் போடவில்லை, நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டேன், மறுபடி மலர்ந்தார். சாயங்காலம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுக்கொண்டே இருந்தேன். நான் கேட்காமலே, "மூக்கு அவ அம்மா மூக்கு" என்றார்.

அதனால் அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்காதே. நீ கூப்பிடு. பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே. முகம் எப்படி இருக்கிறது என்று பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். லீவு கிடைத்தால் வா. வாசலுக்கு வந்து அழைக்க மாட்டார். நீயே உள்ளே வந்து குழந்தையை அவர் மடியில் வை.

சில காலைகளில் என்னைக் கிளப்பவும் ஒரு ஆள் தேவையாக இருக்கிறது. வயதாகிறதல்லவா, வேறொன்றும் இல்லை.

பேத்தி எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவம் இது. விழுந்தால் பதறாதே. எட்டாததற்கெல்லாம் அவள் கை நீட்டட்டும். அந்த ஆசை அவளுக்கு ஆயுள் முழுக்கக் குறையாமல் இருக்கட்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா, அப்பா