கிளிஞ்சல்களுக்கு நடுவே மூன்று முட்டை

மே 4

அன்புள்ள அக்கா,

கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. இனியாவது நிம்மதியாகத் தூங்கு.

நான் தேடி வந்த கரைப்பறவையின் கூடு கிடைத்துவிட்டது! இந்தக் கரையில் இந்த இனம் ஆறு ஜோடிதான் மிச்சம். அதில் ஒன்று கிளிஞ்சல்களுக்கு நடுவே குழி பறித்து மூன்று முட்டை வைத்திருக்கிறது. யாராவது கிட்டே போனால், பறவை எழுந்து இறக்கை ஒடிந்த மாதிரி நொண்டி நம்மைத் தூரமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்குள் முட்டை வெயிலில் வெந்துவிடும். அதனால் நானே எட்ட நின்று தொலைநோக்கியில்தான் பார்க்கிறேன்.

என் கொட்டகை எங்கே, கூடு எங்கே என்று நீ கேட்டபடி வரைந்து அனுப்பியிருக்கிறேன். வேறு யாருக்கும் காட்டாதே.

உன் வாலு

மே 12

அன்பு வாலுக்கு,

பூட்டு போட்டேன் என்கிறாய். எனக்கோ தூக்கமே வரவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நீ தனியாக இருக்கிறாயே.

திட்டாதே. எங்கள் மேனேஜரிடம் உன் வரைபடத்தைக் கொடுத்து, "சார், அந்தப் பக்கம் போனா என் தங்கச்சிய ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கேமராவும் கையுமாகப் போயிருக்கிறார். கொட்டகை பூட்டியிருந்ததாம். எங்கே போய்த் தொலைந்தாய்?

பறவையைப் பார்த்தாராம். "என்னைய அதுக்குப் பிடிச்சுப்போச்சும்மா, நொண்டி நொண்டி ஆடிக் காட்டுச்சு, மத்தியானம் பூரா அங்கதான் இருந்தேன்" என்று ஆபீஸ் முழுக்கப் படம் காட்டினார். எனக்கு உன்னையே பார்த்த மாதிரி இருந்தது.

அக்கா

மே 16

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வடக்குக் கரையில் மற்ற ஜோடிகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். மூன்றின் உள்ளேயும் அசைவில்லை. பறவைக்கு அது தெரியவில்லை, இன்னும் அடைகாக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

என் கடிதத்தில் நீ பூட்டை மட்டும்தான் படித்திருக்கிறாய். கோபம் தணிகிறவரை எழுத மாட்டேன்.

மே 23

வாலு,

உன் பழைய கடிதத்தை மறுபடி படித்தேன். எல்லாம் எழுதித்தான் இருந்தாய்.

மேனேஜரிடம் வரைபடத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டேன். அவருக்குக் கோபம், வந்தால் வரட்டும். என்னை நாலு வார்த்தை திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்படி வாயை மூடிக்கொள்ளாதே. சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. ஒரு வரி போதும்.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கொட்டகையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அதே ஜோடி மறுபடியும் முட்டை வைத்திருக்கிறது. காலில் அடையாளத்துக்காக நான் முன்பு மாட்டிய மஞ்சள் வளையத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். பார்த்ததும் உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

எங்கே என்று கேட்காதே. எழுத மாட்டேன்.

உன் தங்கை