ஹோல்கம் பண்ணைக்குப் போகும் வழி

ஜூலை 8, திங்கள்

ட்ரெய்லர் வந்துவிட்டது. நாற்பது அடி. என் வீட்டு வாசலில் நிறுத்தினால் பாதி பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். கையசைத்தேன். திரையை மூடிவிட்டார்.

பதினான்கு வருடம் எங்கள் ஊர் கெர்மிட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியாயிற்று. இனி ஹாட்ஷாட். எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் ஏதாவது உடைந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். மாற்றுச் சாமானை ஏற்றிக்கொண்டு பிக்கப்பும் ட்ரெய்லருமாகப் பறக்க வேண்டும். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் இது காலூன்றாவிட்டால் மறுபடி மஞ்சள் பஸ்தான். மறுபடி அந்த சூப்பர்வைசர் முகம்தான். கிளம்பும்போது அவரிடம் கொஞ்சம் பேசிவிட்டேன். கொஞ்சமா? நிறைய.

"இதை ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமாப்பா?" என்றாள் மகள் டெஸ்ஸா. தெரியும் என்றேன். தபால் பெட்டி இப்போது சாய்ந்து நிற்கிறது.

ஜூலை 10, புதன்

முதல் லோடு. கொடுத்தது வெர்லீன். எந்த லோடு யாருக்கு என்று முடிவு செய்பவள் அவள்தான். ஹலோ சொல்வதே திட்டுவது மாதிரி இருக்கும். அவள் கையிலிருக்கும் ரிக்குகள் எல்லாம் கிழவர் ஹோல்கமின் மாட்டுப் பண்ணை நிலத்தில்.

பண்ணையின் முன்கேட்டில் ஒரு கேம்பர் வண்டி. அதிலேயே குடியிருந்து காவல் காப்பவள் ஓபல். என் வயதுக்கு அம்மா மாதிரி. குரல் அப்படி இல்லை.

"சட்டை என்ன துணி?"

"பருத்தி."

"தீப்பிடிக்காத சட்டை போடாம உள்ள விடமாட்டேன்."

"அம்மா, ரிக் நின்னு கிடக்கும்மா."

"நிக்கட்டும். அது எங்கயும் ஓடிடாது."

பின்னால் வந்த டிரைவர் என் சாமானைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டான். போகும்போது, "பசங்களை எல்லாம் பத்திரமா இறக்கி விட்டாச்சா, பஸ்காரரே?"

சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஜூலை 13, சனி

சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டேன். ஓபல் என் தலையைப் பார்த்தாள். ஒரு விரலால் வந்த வழியைக் காட்டினாள்.

ஜூலை 16, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் வெர்லீன்: "இன்னொரு தடவை லேட்டானா என் நம்பரை நீயே அழிச்சிடு." சட்டை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் இருந்தன. இருந்தும் ஓபலிடம் போகப் பயம். இன்று என்ன கேட்பாளோ? பண்ணை வேலையாட்களின் பிள்ளைகளை ஏற்ற முன்பு பஸ்ஸில் போன பின்பக்கக் கம்பிக் கேட் ஞாபகம் வந்தது. அந்த வழியே போனேன். திறந்தேன். உள்ளே போனேன்.

மூடவில்லை.

இந்த ஊரில் நடை பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போ. தெரியாதா எனக்கு? பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவேனே என்று நினைத்தேன். ரிக்கில் ஃபோர்க்லிஃப்ட் பழுது. இறக்க ஒன்றரை மணி நேரம். ரிக் மேலாளர் அத்தனை நேரமும் என்னைத்தான் திட்டினார், ஃபோர்க்லிஃப்டை நான்தான் உடைத்த மாதிரி.

திரும்பி வந்தால் ரோடு முழுக்க மாடு. தண்ணீர் லாரிகள் ஹாரன் அடித்தபடி வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஹோல்கம், தொப்பி கையில்.

"யோவ், நீயா திறந்து போட்டே?"

"ஆமாங்க, ஒரு பத்து நிமிஷம்—"

"பொறந்து வளர்ந்தது இங்கதானே? உங்கப்பன் என்னய்யா சொல்லிக்கொடுத்தான்?"

இருட்டும்வரை மாடு விரட்டினேன். மாடுகளும் என்னை மதிக்கவில்லை.

ஜூலை 17, புதன்

ஹோல்கம் நிலத்தில் இனி நான் கால் வைக்கக் கூடாதாம். வெர்லீன் சொன்னாள்: "என் ரிக் எல்லாம் அங்கதான் இருக்கு. உனக்கு என்ன லோடு கொடுக்கிறது, ஐஸ்கிரீமா?"

ஜூலை 22, திங்கள்

போன் அடிக்கவே இல்லை. கெட்டுப்போயிருக்குமோ என்று டெஸ்ஸாவை அடிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடிக்கிறது.

ஜூலை 25, வியாழன்

மளிகைக் கடையில் சூப்பர்வைசர். என் தள்ளுவண்டியில் இருந்ததை எல்லாம் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "உன் பஸ் சாவி அதே ஆணியிலதான் தொங்குது, லைல்," என்றார். என்ன ஒரு சிரிப்பு! உருளைக்கிழங்கை எடுத்து வீசியிருப்பேன். இருந்தது ஒரே மூட்டை, இரவுச் சாப்பாட்டுக்கு.

ஜூலை 28, ஞாயிறு

மதியம் போன். ஹோல்கம்!

"மாட்டுத் தொட்டி கிணத்துல மோட்டார் போயிடுச்சு. என் ட்ரெய்லர்ல டேங்க் வச்சு தண்ணி அடிச்சிட்டிருக்கேன், போதல. ஒடெஸா டவுன்ல கடைக்காரன் மோட்டாரும் குழாயும் எடுத்து வச்சிருக்கான். வெர்லீனைக் கேட்டேன். சும்மா இருக்கிறவன் நீ ஒருத்தன்தானாம்."

சும்மா உட்கார வைத்தவரே அவர்தான். சாவியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்கேட்டில் அவரே நின்றிருந்தார். இறங்கப் போனேன்.

"இறங்கினே, காலை ஒடிச்சிடுவேன்!"

அவரே திறந்தார். அவரே மூடினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். குழாய் இறக்க மட்டும் என் கை வேண்டியிருந்தது, தோல் உரிந்துவிட்டது. தண்ணீர் கொட்டியதும் மாடுகள் முட்டிக்கொண்டு ஓடிவந்தன. பாதிக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கும்.

நன்றி என்றெல்லாம் இல்லை. "கிளம்பு," என்றார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

விடிந்ததும் வெர்லீன். ஹலோ இல்லாமலே திட்டினாள். "கெழவர் உன்னை உள்ள விடறாராம். முன்வழியாத்தான் வரணும். ஒரு கேட்டுலயும் உன் கை படக்கூடாது. படலைன்னு ஓபல் பார்த்துச் சொல்லணுமாம்."

மற்ற டிரைவர்கள் தாங்களே திறந்து, தாங்களே மூடிவிட்டுப் போகிறார்கள். எனக்கு மட்டும் ஓபல் கேம்பரிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்து திறக்க வேண்டும்.

"மகாராஜா வந்துட்டார், கதவைத் திறங்க! ஏம்பா, நாளைக்கும் வருவியா?"

"வருவேன்மா."

"தலையெழுத்து," என்று இழுத்துத் திறந்தாள்.

வண்டி முழுதாக உள்ளே போய், பின்னால் கேட் மூடும் சத்தம் கேட்கும்வரை, அவளுக்குத் தெரியும்படி இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்திருந்தேன்.