இடிந்த இருநூறு மீட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். தூக்கம்தான் கொஞ்சம் பாக்கி.

போன மாதப் புயலில் இங்கே கடல் தடுப்புச் சுவர் இருநூறு மீட்டர் இடிந்ததைச் சொன்னேன் அல்லவா? அதைக் கட்ட வேண்டியது யார் என்று கூட்டம் போட்டார்கள். துறைமுகத்தார் எங்கள் பொதுப்பணித் துறையைக் கைகாட்டினார்கள். எங்கள் மேலதிகாரி வருவாய்த் துறையைக் கைகாட்டினார். சுவருக்குப் பின்னால் குடியிருக்கும் தையல்காரம்மா எழுந்து, "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் கடலைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்றீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை.

அறிக்கை எழுத வேண்டிய இன்ஜினியர் நான்தான். "இயற்கைச் சேதம்னு எழுதிடும்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் மேலதிகாரி. ஐந்து வருடமாக நாங்கள் பழுதுபார்க்காததால்தான் சுவர் விழுந்தது, கட்டித் தருவது அரசாங்கத்தின் கடமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. நேற்று உத்தரவு வந்துவிட்டது, சுவர் கட்டப்போகிறோம். எழுதியவளே நின்று கட்டி முடிக்கட்டும் என்று என் விடுப்பை மட்டும் ரத்து செய்துவிட்டார்கள். தங்கையின் பிரசவத்துக்கு வர முடியாது. அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

இங்கே குளிர்காற்று அதிகம். ஒரு போர்வை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போர்த்திக்கொள்வதே போதும். துவைக்காமல் அனுப்புங்கள்.

கல் லாரி வந்து ஹாரன் அடிக்கிறது, போகிறேன்.

உங்கள் மூத்தவள்