ஏழு கால் உள்ள எட்டுக்கால் பூச்சி

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஏறி வரவில்லை, அதனால் பால் இல்லை. கடுங்காப்பி. குமட்டல்.

குளிக்கப் போனால் வாளிக்கு மேலே சுவரில் அது. என் உள்ளங்கை அகலம். சாம்பல் நிறம், காலெல்லாம் மயிர், முன்கால்களுக்கு அடியில் மஞ்சள் பட்டை. ஏழு கால்தான், பின்கால் ஒன்று எங்கோ முறிந்திருக்கிறது. முழுப்பெயரை எழுதவே அருவருப்பு. இனி எ.பூ.

கத்தினேன். இவர் வந்தார், கையில் எவர்சில்வர் சொம்பும் பழைய காலண்டர் அட்டையும். சொம்பால் மூடி, அட்டையை அடியில் செருகி, பூப்போலத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பலாமரத்தடியில் விட்டுவிட்டு வந்தார். நேற்றுவரை அந்தச் சொம்பில்தான் தண்ணீர் குடித்தேன்.

நான் முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எந்த உயிரையும் கொல்லக் கூடாது. அத்தை போட்ட சட்டம். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் உயிரை எடுத்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாதாம். இவர் சவரம்கூடச் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி மட்டும் உண்டு. கடைக்காரர் வெட்டினால் நம் கணக்கில் வராது போல.

ஆறாம் மாதம் நடக்கிறது. அடுத்த மாதம் வளைகாப்பு, அதோடு அம்மா வீடு, தேவாரம். அங்கே தோட்டத்துக்கு யானை வரும் என்று பயமுறுத்துகிறார்கள். வரட்டும். யானை குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்காது.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை. வெளியே ஈரம் ஏறினால் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. இன்று எ.பூ. இருந்த இடங்கள்:

துண்டு மடிப்பு (சிறிசு).
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்.
ஏலக்காய்ச் சாக்கு. இரண்டு.
அரிசி டப்பா மூடி. மூடியின் உள்பக்கம்!

மதியச் சோறு இறங்கவில்லை. துணிமணி, செருப்பு, தலையணை எல்லாவற்றையும் உதறி உதறித் தோள்பட்டை வலி.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்யும் மலையாளத்துச் சேச்சியிடம் கேட்டேன், இது கடிக்குமா என்று. பெரியது கடிக்கும் என்றார். அவருடைய தம்பிக்குக் கடித்திருக்கிறது. "சாகமாட்டாங்க மோளே. ஆனா செத்தாத் தேவலைன்னு தோணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி 6, வியாழன்

திரும்பி வந்துவிட்டது. அதே சுவர், அதே வாளி, அதே ஏழு கால். பலாமரத்திலிருந்து நடந்து வர அதற்கு இரண்டு நாள்கூடத் தேவைப்பட்டிருக்காது. இவர் மறுபடியும் சொம்பு, அட்டை, பலாமரம். ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொன்னேன்.

"கொட்டுற மழையில ஓடைக்கு எப்பிடிப் போறது? அதுவும் ஒரு சீவன்தான, நனையாம ஒண்ட வேணாமா?"

இந்த மென்மையைப் பார்த்துத்தான் இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன். அது எ.பூ. வரைக்கும் நீளும் என்று அப்போது தெரியாது.

சாயங்காலம் வயிற்றில் நல்ல உதை. அதற்கும் பிடிக்கவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

போடி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் காய் எடுப்புக்குக் கிளம்பி, ஆணியில் தொங்கிய ரெயின்கோட்டை மாட்டினார். வலக்கையை உள்ளே விட்டதும் ஒரு அலறல். கட்டைவிரலுக்கு மேலே இரண்டு பொத்தல். கோட்டைக் கழற்றி உதறினார். உள்ளேயிருந்து விழுந்தது ஏழுகால். அது சாவகாசமாகச் சுவரில் ஏறிக் கூரைக் கட்டைக்குள் போய்விட்டது. அத்தை கையில் விளக்குமாறு. ஓங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நிமிடம் அத்தை, இவர் இருவரையும் வெறுத்தேன், எழுதித்தான் வைக்கிறேன்.

அத்தை மஞ்சள் அரைத்துப் பூசி, கீழே மந்திரிக்கிறவரைக் கூப்பிடலாம் என்றார். நான் ஜீப்பு என்றேன். ஏலக்காய் லோடு ஏற்ற வந்த ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா: உயிருக்குப் பயமில்லை. சில நாள் தசை பிடித்து இழுக்கும். ஊசி, மாத்திரை. வாந்தி எடுத்தது நான்.

ஐப்பசி 9, ஞாயிறு

மலைக்கே திரும்பிவிட்டோம். போடியில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றேன். காய் எடுப்பை யார் பார்ப்பது என்கிறார், கையை அசைக்க முடியாமல். விரல்கள் தானாகச் சுருட்டிக்கொள்கின்றன. பிடித்து இழுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகிறார். சோறு ஊட்டினேன். தாடியெல்லாம் ரசம்.

கோழி இல்லை.

கூரைக் கட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடித்துவிடலாம் என்று அத்தையிடம் கேட்டேன். என் வயிற்றைப் பார்த்தார்.

ஐப்பசி 10, திங்கள்

வெயில், கொஞ்சம்.

மதியம் அத்தை ஸ்டோருக்குப் போயிருந்தார். இவர் மாத்திரை மயக்கத்தில். துணி மடித்துவிட்டுத் திரும்பினால் இவர் தலையணையில் அது. கட்டுப் போட்ட கைக்கு ஒரு சாண் தள்ளி. முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்துகொண்டிருந்தது.

துணியால் தட்டிக் கீழே தள்ளினேன். செருப்பு. ஒரே அடி. இல்லை, பல அடி. வயிறு பிதுங்கி வெளுப்பாக ஏதோ வந்தது, பசை மாதிரி. கால்கள் அதற்கப்புறமும் மடங்கி மடங்கி விரிந்தன. அட்டையில் வழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். மயிர் கருகும் நாற்றம். கையைச் சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னும் நாறுகிறது.

இவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். வயிற்றில் அசைவு இல்லை. காலையில் இருந்ததா? நினைவில்லை. சீனித் தண்ணீர் குடித்தேன். இடப்பக்கம் படுத்தேன். இல்லை. எனக்கு இந்தச் சட்டத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பி.எஸ்ஸி. படித்தவள். ஆனாலும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, நான்தான் அடித்தேன், நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

அத்தை வந்து மூக்கைச் சுளித்தார். என்ன கருகுது என்றார். சீப்பில் இருந்த முடியைப் போட்டேன் என்றேன்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் ஓர் உதை, விலாவுக்குக் கீழே. பிறகு இன்னொன்று. அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அத்தை என்னவென்று கேட்கவில்லை.

ஐப்பசி 11, செவ்வாய்

மறுபடி தூறல். பால் வந்தது.

காலையில் அத்தை கட்டிலுக்கு அடியில் பெருக்கினார். நான் வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குனிந்து எதையோ எடுத்தார். ஒரு கால். மயிரோடு, மஞ்சள் பட்டையோடு. காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய் அடுப்பில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் வெங்காயம்தான் உரித்தார்.

"பிள்ளை துள்ளுதா?"

துள்ளுகிறது என்றேன்.

"அவன்கிட்டச் சொல்லிறாத, ஆத்தா. பயந்துக்குவான்."

இவர் எழுந்ததும் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். கூரையில் இருக்கிறதா, போய்விட்டதா என்று. சொம்பில் பிடித்து ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டதாக அத்தை சொன்னார், முகம் மாறாமல். இவருக்கு ஒரே திருப்தி. நல்ல வேலை செய்தீர்கள் என்றார். மாத்திரை போட்டுத் திரும்பப் படுத்துவிட்டார்.

அரிசி களைய உட்கார்ந்தேன். அடுப்படிச் சுவரில், உப்பு ஜாடிக்கு மேலே, இன்னொன்று. அதைவிடப் பெரிசு. இதற்கு எட்டும் முழுசாக இருந்தன. அத்தையைப் பார்த்தேன். அத்தையும் பார்த்துவிட்டார்.

எழுந்து போய் இவர் படுத்திருந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அப்படியே வாசலுக்குப் போய், என் செருப்பைத் தன் கையால் எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.