ஒரே கட்டில் அறை

பிப்ரவரி 4

அன்புள்ள கல்லுக்கு,

உன் போனை வீட்டில் ஆளாளுக்கு எடுத்து நோண்டுகிறார்கள் என்பதால் ஆஸ்பத்திரி முகவரிக்கே எழுதுகிறேன். எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படி.

இடம் கிடைத்துவிட்டது! வருஷம் முழுக்க வெயில் காயும் ஒரு தீவு. அலைச்சறுக்கு, அதான் சர்ஃபிங், சொல்லித்தரும் விடுதி. நடத்துவது இரண்டு பெண்கள், தம்பதி. வாசலிலேயே வானவில் கொடி. சட்டமும் நம் பக்கம்தான். கை கோத்துக்கொண்டு தெருவில் நடந்தால் ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்காதாம். நம்மைப் போன்ற ஜோடிகளுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே கட்டில் போட்ட அறை கேட்டிருக்கிறேன்.

எட்டு வருஷமாக என் வாடகை வீட்டு ஓனர், டாக்டர், உன் அண்ணன் என்று எல்லாரிடமும் பொய். ஒரு வாரமாவது பொய் சொல்லாமல் உன்னோடு இருக்க வேண்டும். எனக்கு அலைகூட அப்புறம்தான்.

நீச்சல் வகுப்புக்குப் போகிறாயா? ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லித்தருகிறேன், எனக்கு வாய்த்ததோ கல்லு!

உன் வாத்து

பிப்ரவரி 15

என் வாத்துக்கு,

முழங்கால் இரண்டும் கன்றிப்போயிருக்கின்றன. தரையில் சாக்பீஸால் சறுக்குப் பலகை வரைந்து, குப்புறப் படுத்து, துள்ளி எழுந்து பழகுகிறேன். அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன இது, இந்த வயசுல தவளை மாதிரி தாவிக்கிட்டு?" என்றார். யோகா என்று சொல்லிச் சமாளித்தேன்.

பயணத்தையும் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்றுதான் சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அங்கே வந்ததும் நான் வேறு ஆள், பார்.

விடுதியின் மெயில் முகவரியை அனுப்பு. சாப்பாடு பற்றிக் கேட்க வேண்டும்.

உன் கல்லு

மார்ச் 9

கல்லு,

விடுதிக்கார அம்மா ரொம்ப மரியாதையாக மெயில் போட்டிருக்கிறார். நாம் அக்கா தங்கை என்று தெரியாமல் ஒரே கட்டில் ஏற்பாடு செய்துவிட்டார்களாம், மன்னிக்க வேண்டுமாம். அந்த வாரம் ஜோடிகளுக்கு மட்டும் என்பதால், பக்கத்து விடுதியில் இரண்டு கட்டில் அறை பார்த்துத் தரட்டுமா என்று கேட்கிறார்.

சாப்பாடு பற்றிக் கேட்கப் போன லட்சணமா இது?

வாத்து

மார்ச் 14

வாத்து,

கூட வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அக்கா என்று கை தவறி எழுதினேன் எனச் சொல்ல மாட்டேன், யோசித்துத்தான் எழுதினேன். அங்கே படம் எடுத்து நெட்டில் போடுவார்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டு அண்ணன் காதுக்குப் போனால், வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்து விடுதியிலேயே தங்கலாமே? கட்டில்களைச் சேர்த்துப் போட்டால் ஆயிற்று. கடல் ஒன்றுதானே? நாம் யார் என்று நமக்குத் தெரிந்தால் போதாதா?

கோபித்துக்கொண்டாலும் பதில் எழுது.

உன் கல்லு

மார்ச் 22

கல்லு,

உன் பயம் எனக்குத் தெரியாததா? அண்ணனிடம் பொய் சொன்னாய், பொறுத்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம் எதற்குச் சொன்னாய்? அவரும் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவர். உண்மையைச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவரிடம்கூட நான் உனக்கு யார் என்று சொல்ல உனக்கு மனசு வரவில்லை.

நான் மட்டும் போகிறேன், வேறொரு வாரத்தில். உடன் வர இருந்தவள் என் துணை, இனி வரமாட்டாள் என்று அவருக்கு எழுதிவிட்டேன்.

எனக்குக் கூடப்பிறந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். நீ எனக்கு யார் என்று அவளிடம் சொன்ன நாளோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். உனக்காக அவளை இழந்தேன். அந்தத் தங்கை இடத்துக்கு இப்போது நீ வருகிறேன் என்கிறாய். வேண்டாம், வராதே.

இப்படிக்கு,
நீச்சல் டீச்சர்